மணலில் சிரித்த வாய்

பல்செட்டுக்காரரைத் தெருவில் எதிரே கண்டால் சிலர் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. அவர் செய்த பல் அவர்கள் வாய்க்குள் இருக்கிறது, அவ்வளவுதான். சட்டை தைத்துக் கொடுத்தவரைப் பார்த்தால் "பாருங்க, தோள்ல எப்படி உக்காந்திருக்கு" என்று திரும்பி நின்று காட்டுவோம். பல் செய்து கொடுத்தவர் முன்னால் யாராவது ஈயென்று காட்டுவார்களா?

முப்பது வருஷமாக அவருக்கு இதே பிழைப்பு. பல் மருத்துவமனையின் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் என்பதால் உள்ளே போனதும் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். டாக்டர் முன்னறையில் அச்செடுத்து, ஒரு தட்டில் வைத்து, சுவரில் இருக்கிற சின்னக் கதவு வழியாக உள்ளே தள்ளுவார். கூடவே ஒரு சீட்டு. அதில் எண், வயது, ஆணா பெண்ணா, பல்லின் நிறம், இவை மட்டும் இருக்கும். பெயர் இருக்காது. அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, ஈறு மாதிரி எடுத்து, இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடுகாட்டி மெழுகைச் செதுக்கி, கடைசியில் மெருகு போட்டு அதே கதவு வழியாக வெளியே தள்ளுவார். முகத்தைப் பார்க்கிற வேலையே கிடையாது. மூன்று தலைமுறை வாய்களை அவருக்குத் தெரியும். முகங்களைக் கேட்டால் விழிப்பார்.

தொழிலில் அவர் கெட்டிக்காரர். வரிசை பிசகாமல் அடுக்கினால் அது கட்டின பல் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அதனால் ஒரு பல்லைக் கடுகளவு திருப்பி வைப்பார், இன்னொன்றின் நுனியை லேசாகத் தேய்த்துவிடுவார். பார்க்கிறவர்கள் பிறவிப் பல் என்று நம்ப வேண்டும். நம்பிவிட்டால் வேலை ஜெயித்தது. ஆனால் ஜெயித்த வேலையை யார் பாராட்டுவார்கள்? அது வேலை என்றே யாருக்கும் தெரியாதே! இது அவருக்குள் ஒரு பெரிய குறையாகவே இருந்தது. கடைத்தெருவில் யாராவது சிரித்தபடி போகும்போது, பக்கத்தில் நடக்கிற மனைவியின் கையைத் தொட்டு, "அது நான் செஞ்சது" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுக்கும். சொன்னதில்லை. யாருடைய பல் என்று வெளியே மூச்சு விடக்கூடாது என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொல்லாவிட்டாலும் மனைவியிடம் சொல்லியிருக்க மாட்டார். காரணம், அந்த அம்மாளுக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர்.

பொருத்தமான பெயர்தான். காலையில் குழாயடியில் ஒரு செய்தி காதில் விழுந்தால், அது மத்தியானத்துக்குள் கண், காது, மூக்கு எல்லாம் வைத்து நாலு தெருவைச் சுற்றி வந்துவிடும். மனசில் கள்ளம் இல்லை. யாரையும் கெடுக்க வேண்டும் என்று பேசுகிறவளும் இல்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். "என்கிட்ட மட்டும் சொல்லுங்க, செத்தாலும் வெளிய விடமாட்டேன்" என்பாள். அதை நம்பி ஏமாந்தவர்களின் பட்டியல் நீளமானது.

பாட்டு டீச்சர் கதை ரேடியோவுக்குத் தெரியாது. தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்தச் சின்னக் கதவு வழியாக மேல்வரிசை முழுவதற்கும் ஒரு அச்சு வந்தது. பெண், முப்பத்துநாலு வயது. ஈறு நோயில் மேல்பல் அத்தனையும் போயிருந்தது. முப்பத்துநாலு வயதில்! சீட்டோடு ஒரு புகைப்படத் துண்டும் இருந்தது. ஏதோ ஒரு பழைய படத்திலிருந்து வாயை மட்டும் கத்தரித்து அனுப்பியிருந்தார்கள், தபால்தலை அளவுக்கு. முகத்தைக் காட்டக்கூட வெட்கப்பட்ட ஒரு பெண், நல்ல நாளில் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பு அது. முன்பல் இரண்டில் இடதுபக்கத்துப் பல் பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறி நின்றது. அந்தப் படத்தை மேஜை விளக்கின்மேல் ஒட்டி வைத்துக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்தார் பல்செட்டுக்காரர். மெழுகை நாலு முறை உருக்கிக் கலைத்து மறுபடி அடுக்கினார். அவர் கையிலிருந்து அப்படி ஒரு வேலை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மூன்று வருஷம் கழித்து, பக்கத்துத் தெரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் ஒருவர் குடிவந்தார். ரொட்டிக் கடையில் நின்றபோது அவர் இவரைப் பார்த்து ஒரு மரியாதைக்குச் சிரித்தார். இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏறி நின்ற அந்த இடதுபல்! சட்டென்று திரும்பிக்கொண்டு அலமாரியில் இருந்த ரொட்டிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். டீச்சருக்கு இவர் இன்ன வேலை செய்கிறவர் என்று அடுத்த வாரமே தெரிந்திருக்கும். அதற்கப்புறம் இருவரும் எதிர்ப்பட்டால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது.

அந்த வருஷம் கடற்கரையில் மணல் சிற்பப் போட்டி வைத்தார்கள். தெருவுக்கு ஒரு குழு. மணலும் தண்ணீரும் தவிர வேறு எதையும் சேர்க்கக்கூடாது. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பம், நாலு மணிக்கு நடுவர்கள் வருவார்கள். இவர்கள் தெருவுக்குச் சலூன்காரர்தான் தலைவர். தலைவராக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவராக ஆகிவிட்டார்.

"அண்ணே, நீங்க வராம எப்படி? தினமும் செதுக்குற கை உங்க கை" என்றார் வீட்டுக்கே வந்து.

"நான் செதுக்குறது கட்டைவிரல் அளவு. அங்க கட்டில் அளவுல இல்ல கேக்குறாங்க?"

"பெரிசு பண்ணிக்கிட்டா போச்சு. சிரிக்கிற பொம்பள முகம் ஒண்ணு செய்றோம். முடி என் பொறுப்பு. வாய் உங்க பொறுப்பு. வாய்க்கு ஊர்லயே உங்களை விட்டா ஆள் யாரு?"

முப்பது வருஷத்தில் யாரும் அவரிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனிதர் குளிர்ந்துபோய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை தன்னுடைய மெழுகுக் கத்திகளை ஒரு துணியில் சுருட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் கடற்கரைக்குப் போய் நின்றார்.

ஈர மணலைக் குவித்து, தண்ணீர் ஊற்றி, ஏறி மிதித்து, ஒரு ஆள் நீளத்துக்குச் சரிவாக மேடு கட்டினார்கள். கடற்கரைச் சுவரின்மேல் நின்று பார்க்கிறவர்களுக்கு முகம் நேராகத் தெரியும்படி அமைப்பு. சலூன்காரர் ஒரு சீப்பை வைத்துக்கொண்டு முடியை அலை அலையாக இழுத்தார். தையல்கடைப் பெண்கள் இரண்டு பேர் கண்ணையும் மூக்கையும் பார்த்துக்கொண்டார்கள். பல்செட்டுக்காரர் வாய் இருக்க வேண்டிய இடத்தில் மண்டியிட்டார்.

முதல் அரைமணி நேரம் கை ஓடவில்லை. ஒவ்வொரு பல்லும் உள்ளங்கை அகலம். மணல் மெழுகு மாதிரிச் சொன்ன பேச்சு கேட்காது, காய்ந்தால் பொலபொலவென்று உதிரும். பிறகு அதன் குணம் பிடிபட்டது. நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், மேலிருந்து கீழே வர வேண்டும், உதிர்ந்த மணலைக் கையால் தட்டாமல் உறிஞ்சுகுழல் வைத்து ஊதி எடுக்க வேண்டும். அவ்வளவுதான், மாடிப்படி அறையில் உட்கார்ந்திருக்கிற ஆள் ஆகிவிட்டார். கடல் சத்தம் காதில் விழவில்லை. ரேடியோ மத்தியானம் ரொட்டியும் தண்ணீரும் கொண்டுவந்து, அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனது தெரியவில்லை. போட்டிக்கு மைக் பிடித்தது யார் என்பதுகூட அவர் மண்டையில் ஏறவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு பல் இருந்தது, அது முடிந்தால் அடுத்த பல் இருந்தது. அவர் என்றைக்குமே அப்படித்தான் பார்ப்பார், ஒவ்வொரு பல்லாக. கைக்கு எந்த வாய் நன்றாகத் தெரியுமோ அந்த வாயைக் கை செய்தது. பாவம், கையைச் சொல்லிக் குற்றமில்லை.

மூன்று மணிக்கு மேல் சுவரின்மேல் கூட்டம் சேர்ந்தது. யாரோ ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

"ஐயோ, இது நம்ம பாட்டு டீச்சர்!"

"ஆமா! அப்படியே டீச்சர் சிரிப்பு! அந்தப் பல்லைப் பாரு, அந்தப் பல்லைப் பாரு!"

பல்செட்டுக்காரர் எழுந்து பத்தடி பின்னால் போய் நின்று அன்றைக்கு முதல் தடவையாக முழு முகத்தையும் பார்த்தார். கண் யாருடைய கண்ணோ, மூக்கு யாருடைய மூக்கோ. ஆனால் வாய் வந்து உட்கார்ந்ததும் மொத்த முகமும் டீச்சராகிவிட்டிருந்தது. இடது முன்பல் பக்கத்துப் பல்லின்மேல் ஏறி நின்றது.

மேடையில் மைக்கோடு நின்றது டீச்சரேதான். "அடுத்ததாக..." என்று ஆரம்பித்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். கூட்டம் அவரையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தது. சலூன்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கூட்டம் பார்த்தால் வாய் நிற்காத மனிதர்.

"அண்ணே, அளவெடுக்காம இப்படி அச்சா வராதே! டீச்சர் பல்லுக்கு எப்ப அச்செடுத்தீங்க?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்காத இரண்டு பேர் யோசிக்க ஆரம்பித்தார்கள், அதுதான் ஆபத்து. இவர் தொழில் பல்செட். டீச்சர் பல் இவருக்கு அத்துப்படி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த மைக் புடவையில் உரசியது ஒலிபெருக்கியில் கரகரவென்று கேட்டது. அவருடைய கணவர், பஸ் டிரைவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துகொண்டிருந்தார். அந்த மனிதருக்கும் தெரியாது என்பது டீச்சரின் கண்ணைப் பார்த்த அந்த நொடியில்தான் பல்செட்டுக்காரருக்குப் புரிந்தது. ஒன்பது வருஷம் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில், அந்தப் பெண் இதை எப்படித்தான் காப்பாற்றினாரோ!

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

"அச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. டீச்சர் சிரிக்கிறதை நான்தான் தினமும் பாத்துட்டே இருப்பேன். அழகா இருக்குமேன்னு. அதான் கையில வந்துடுச்சு."

தையல்கடைப் பெண்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். ஐம்பத்துநாலு வயது மனிதர், பெண்டாட்டி பத்தடி தூரத்தில் நிற்கும்போது, ஊரார் முன்னால் சொல்கிற பேச்சா இது? ரேடியோ கையில் தண்ணீர் பாட்டிலோடு அப்படியே நின்றாள்.

டிரைவர் வந்து சட்டையைப் பிடித்தார். "என் பொண்டாட்டியை தினமும் பாத்துட்டே இருப்பியா? எந்தக் கண்ணால பாத்த? இனிமே எங்க தெருப் பக்கம் தலை வச்சும் படுக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

"தப்புதாங்க" என்றார் இவர். "இதோ அழிச்சிடறேன்."

சலூன்காரர் நடுவில் புகுந்து டிரைவரின் கையை விலக்கினார். பல்செட்டுக்காரர் திரும்பவும் மண்டியிட்டார். நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. ஆறுமணி நேர வேலையை உள்ளங்கையால் மூடினார். ஈர மணலை அள்ளி அள்ளிப் பல்லின்மேல் அப்பி, மேலுதட்டையும் கீழுதட்டையும் ஒன்றாகச் சேர்த்தார். "அண்ணே, வேணாம்ணே, பரிசே நமக்குத்தான்ணே" என்று சலூன்காரர் அழாக்குறையாகக் கெஞ்சினார். நடுவர்கள் வந்தபோது, கண் நிறையச் சிரிப்பும் இறுக மூடிய வாயுமாக ஒரு பெண் முகம் மணலில் படுத்திருந்தது. முதல் பரிசு ஓர் ஆமைக்குப் போனது. இவர்கள் தெருவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. திங்கட்கிழமையும் பேசவில்லை. முப்பது வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றுபோனதும் வீடு வேறு யாருடைய வீடோ மாதிரி ஆகிவிட்டது. தட்டை வைக்கிற சத்தம், கதவைச் சாத்துகிற சத்தம், அவ்வளவுதான். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். சொல்லிவிடலாமா என்று நூறு தடவை நினைத்தார். சொன்னால் அவள் மனசு ஆறும். ஆனால் மறுநாள் காலை குழாயடிக்குப் போய்விடுமே! பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அதுவும் அவருக்குச் சொந்தப் பல்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மருத்துவமனைக்கு வார விடுமுறை. வீட்டின் பின்னறையில் ஒரு சின்ன மேஜையும் மெருகு போடுகிற மோட்டாரும் வைத்திருந்தார். அங்கே சும்மா உட்கார்ந்து கத்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்கதவு தட்டும் சத்தம் கேட்டது. மனைவிதான் போய்த் திறந்தாள். பாட்டு டீச்சர் நின்றார்.

"உங்ககிட்டதான் பேசணும்" என்றார் டீச்சர் அவளைப் பார்த்து.

"என்கிட்ட என்ன பேச்சு? பேச வேண்டியதைத்தான் ஊரே பேசுதே." இரண்டு நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது.

டீச்சர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பின்னறை வாசலில் பல்செட்டுக்காரர் எழுந்து நிற்பதைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் என்னை ஒரு நாளும் நிமிர்ந்து பாத்ததில்ல. என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னார்" என்றார்.

"டீச்சர், வேணாம்" என்றார் பல்செட்டுக்காரர் பதறி. "இவகிட்டயா? யோசிச்சுக்குங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

"யோசிச்சுட்டுதாங்க வந்தேன். எனக்காக ஒருத்தங்க வீடு இப்படி இருக்கக் கூடாது."

டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கையை வாய்க்குக் கொண்டுபோனார். திரும்பியபோது கையில் அந்த மேல்வரிசை இருந்தது. மேலுதடு உள்வாங்கி, நாற்பத்தாறு வயது முகம் அறுபது வயது முகமாக நின்றது. கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"இதை நான் யாருக்கும் காட்டினதில்ல. அவருக்குக்கூட" என்றார். வார்த்தைகள் காற்றோடு சேர்ந்து குழறி வந்தன. பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற வாய்!

ரேடியோ அந்தப் பல்லைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பார்த்த மனிதரைப் புதிதாகப் பார்க்கிற பார்வை அது. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றாள்.

பல்செட்டுக்காரர் கையை நீட்டினார். பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் தன் வேலை தன் கைக்கு வருகிறது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் முகம் மாறியது. நடுவில், மேலண்ணத்தில் பதிகிற பக்கம், மயிரிழை அளவுக்கு ஒரு கீறல்.

"இது எப்ப ஆச்சு?"

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போயி கழுவும்போது கை நடுங்கித் தொட்டியில விழுந்துடுச்சு."

"இன்னும் ரெண்டு வேளைச் சாப்பாடு தாங்காது. ரெண்டாப் போயிடும். ரெண்டு மணி நேரம் குடுங்க, ஒட்டித் தர்றேன்."

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. கணவர் வேலை முடிந்து வருவது மூன்றரைக்கு. சரியென்று தலையசைத்தார். ரேடியோ பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்து, ஒரு கரண்டியோடு கொண்டுவந்து கொடுத்தாள். "மெதுவாச் சாப்பிடுங்க. இங்க பாக்க யாரும் இல்ல" என்றாள். டீச்சர் யார் முன்னாலும் அப்படி நிம்மதியாகச் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ.

இரண்டே முக்காலுக்கு முன்கதவு தடதடவென்று அதிர்ந்தது. "என் பொண்டாட்டி இங்க வந்தாளா?" டிரைவரின் குரல். அன்றைக்கென்று மனிதருக்குச் சீக்கிரம் வேலை முடிந்துவிட்டது. தெருவில் யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பின்னறையில் மூன்று பேரும் மேஜைமேல் இருந்த பல்லைப் பார்த்தார்கள். ஒட்டு இறுகிவிட்டது, ஆனால் விளிம்பெல்லாம் முரடாக இருந்தது. அப்படியே போட்டால் ஈறைக் கிழித்துவிடும். மெருகு போட இன்னும் கால்மணி நேரமாவது வேண்டும். டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ரேடியோ புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"நீங்க மோட்டாரைப் போடுங்க" என்றாள் புருஷனிடம். "அவரை நான் பாத்துக்கறேன்."

முன்கதவைத் திறந்து, நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"வாங்க, வாங்க. உங்களைத்தான் தேடிட்டு இருந்தேன். டீச்சர் உள்ளதான் இருக்காங்க, என்கிட்ட நாலு வார்த்தை கேக்கணும்னு வந்தாங்க, கேக்கட்டும், கேக்க வேண்டிய விஷயம்தானே. நீங்க நில்லுங்க, முதல்ல எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர் சட்டையைப் பிடிச்சீங்களே, அதுல ரெண்டு பொத்தான் போச்சு. அது சாதாரணப் பொத்தானா? என் தங்கச்சி வாங்கிக் குடுத்த சட்டை. என் தங்கச்சி எப்பேர்ப்பட்டவ தெரியுமா..."

"இல்லம்மா, அவளைக் கூப்பிடுங்க, போகணும்."

"போகலாம், யாரு வேணாம்னா? ஆனா உங்க பஸ் இருக்கே, காலையில அது நிக்க வேண்டிய இடத்துல நிக்காம முப்பதடி தள்ளி நிக்குது. போன மாசம் நான் ஓடி வந்து கால் சுளுக்கி..."

பஸ்ஸிலிருந்து சுளுக்குக்குப் போனாள். சுளுக்கிலிருந்து மருந்துக்கடைக்கு, மருந்துக்கடைக்காரர் மகள் கல்யாணத்துக்கு, அங்கே இருந்து தெருமுனைச் சாக்கடைக்கு. டிரைவர் மூன்று தடவை வாயைத் திறந்தார். மூன்று தடவையும் அவருக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. "அதென்ன சத்தம்?" என்று ஒரு தடவை கேட்டேவிட்டார். "எங்க வீட்டு மோட்டார். அது ஒரு பெரிய கதை" என்று அந்தக் கதையையும் ஆரம்பித்தாள். பின்னறையில் பல்செட்டுக்காரர் சக்கரத்தில் விளிம்பைப் பிடித்தபடி அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் இருக்கிற அத்தனையும் அவள் வாயில் வந்தது, அந்த ஒன்றைத் தவிர. அந்தக் குரல் ஓடுகிறவரை கை நடுங்காது என்று அவருக்குத் தோன்றியது.

இருபது நிமிஷம் கழித்து டீச்சர் வெளியே வந்தார். புருஷனைப் பார்த்து முழு வாயோடு சிரித்தார். இடது முன்பல் ஏறி நின்றது.

"பேசி முடிச்சுட்டேங்க. இவர் தப்பான மனுஷர் இல்ல. வாங்க போகலாம்."

டிரைவருக்கு அதற்குமேல் சண்டை போடத் தெம்பு இல்லை. யார் கூட்டிப்போனாலும் போகிற நிலையில் இருந்தார்.

அன்று சாயங்காலம் ரேடியோ பையை எடுத்துக்கொண்டு ரொட்டிக் கடைக்குக் கிளம்பியபோது பல்செட்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவ்வளவுதான், ராத்திரிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனார். கடை வாசலில் சலூன்காரர் நின்றிருந்தார். பரிசு போன ஆத்திரம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"என்னக்கா, அண்ணன் இன்னும் டீச்சர் சிரிப்பையேதான் பாத்துட்டு இருக்காரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு வார்த்தை போதும், அவள் புருஷன் உத்தமர் ஆகிவிடுவார், தெரு வாயடைத்துப் போகும். வாழ்நாளில் அதைவிடப் பெரிய செய்தி அவள் கைக்கு வந்ததில்லை. பல்செட்டுக்காரர் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தா பாத்துட்டுப் போறார்" என்றாள் அவள். "அழகா இருக்கிறதை யாரும் பாக்கத்தான் செய்வாங்க. கடைக்காரத் தம்பி, ரெண்டு ரொட்டி எடுத்துக் குடு, எனக்கு வேலை இருக்கு."

அடுத்தவர் மனைவிமேல் கண் போட்ட புருஷனின் பெண்டாட்டி என்கிற பெயரை அன்றைக்கு ஏற்றுக்கொண்டவள், இந்த நாள்வரை அதை மறுத்துப் பேசவில்லை. குழாயடியில் எத்தனையோ பேர் அவள் வாயைக் கிளறிப் பார்த்தார்கள். மற்றதெல்லாம் வரும், அது மட்டும் வராது.

திரும்பி வரும்போது கம்பத்தடியில் அவரைப் பார்த்துவிட்டாள். பையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நடந்தாள். பாதித் தெரு தாண்டியதும், முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, அந்த ஒரு பல்லு கொஞ்சம் ஏறி நிக்குதே, அது தானா வந்ததா, நீங்க வச்சதா?"

"நான் வச்சது."

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள்.

பல்செட்டுக்காரர் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, வீடு வரும்வரை எதிரே தெரிந்த கதவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நடந்தார்.